கலங்கல் இல்லாத குட்டை

2015 ஜனவரி 31-ஆம் தேதி, இன்னும் விடியவில்லை. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையத்தில் ஒரு தொட்டியின் சுவர் இடிந்தது. சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடைத் தேக்கிவைத்திருந்த தொட்டி அது. சுவரை ஒட்டி அடுத்த மனையில் ஒரு தோல் தொழிற்சாலை. வேலை முடித்தவர்கள் அங்கேயே படுத்திருந்தார்கள். கசடும் கழிவுநீரும் அவர்கள் மேல் புரண்டன. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள்.

மழைக்காலம் முடிந்துபோயிருந்தது. பாலாற்றில் வெள்ளம் ஏதுமில்லை. இதைத் தொழிற்சாலை விபத்து என்று சொல்லிக் கடந்துவிடலாம். நான் இதை அணை உடைப்பாகவே பார்க்கிறேன். பக்கத்து நிலத்தின் மட்டத்துக்கு மேலே திரவத்தைப் பிடித்து நிறுத்தும் எதுவும் அணைதான். மேட்டூரும் அணை, கசடுத் தொட்டியும் அணை, ஜவ்வாது மலையடிவாரத் தோட்டத்தில் குழந்தைகள் படகு விடுவதற்காக ஓடைக்குக் குறுக்கே எழுப்பிய ஆள் உயரக் கரையும் அணை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கும் அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளை எடுத்துக்கொள்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில், கரையின் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்குள் வருபவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்குக் கீழே அது எட்டிப் பார்ப்பதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1985-இல் வெளியிட்ட ஐ.எஸ். 11223 வழிகாட்டியில் ‘சிறிய அணை’ என்பதன் கொள்ளளவே 5 லட்சம் கன மீட்டரில்தான் தொடங்குகிறது. ஒரு ஏக்கர் பரப்பில், சராசரி இரண்டரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் தோட்டத்துக் குட்டையில் இருப்பது 10,000 கன மீட்டர். ஆக, சிறியது என்று சொல்லிக்கொள்ளவும் அதற்குத் தகுதி கிடையாது.

ஆனால் 10,000 கன மீட்டர் என்றால் 10,000 டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 830 லாரிகள் வேண்டும். அத்தனையும் ஒரு மண் கரையின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

சாய்வது எவ்வளவு பலமாக என்பதில்தான் நம் கண் ஏமாறுகிறது. பரந்த ஏரியைப் பார்த்தால் பயம் வருகிறது. குட்டையைப் பார்த்தால் வருவதில்லை. தண்ணீர் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பது கரைக்குத் தெரியாது. தன் காலடியில் எவ்வளவு ஆழம் என்பது மட்டும்தான் தெரியும். நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின் 1586-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். 3 மீட்டர் ஆழத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் காவேரிப்பாக்கம் ஏரியும் ஒரு ஏக்கர் குட்டையும் கரையைத் தள்ளுவது ஒரே அளவில்தான். கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும், 1 மீட்டர் ஆழத் தண்ணீர் அரை டன் விசையோடு தள்ளும். 2 மீட்டர் என்றால் 2 டன். 4 மீட்டர் என்றால் 8 டன். ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. செங்குத்தான சுவராக இருந்தால், அதை அடியோடு கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் எட்டு மடங்கு. ‘இன்னும் நாலடி உயர்த்திக் கட்டினால் இன்னும் கொஞ்சம் தேங்கும்’ என்று மேஸ்திரியிடம் சொல்கிறவர் எந்தக் கணக்கில் கைவைக்கிறோம் என்று யோசிப்பதில்லை. தேங்கி நிற்பது தண்ணீராக இல்லாமல் குழம்பிய கசடாக இருந்தால் எடை இன்னும் கூடும், தள்ளுவதும் கூடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தரைக்குக் கீழே தோண்டிய பண்ணைக் குட்டை வேறு. அதன் பக்கம் சரிந்தாலும் தண்ணீர் குழிக்குள்ளேயே கிடக்கும். அங்கே உள்ள ஆபத்து தவறி விழுவது. வேலி போட்டு, ஏறிவரப் படி கட்டினால் பெரும்பகுதி தீரும். ஆனால் ஏலகிரி, ஜவ்வாது அடிவாரங்களில் தரை சரிவாக இருக்கிறது. சரிவில் குட்டை வேண்டும் என்றால் தோண்டுவதைவிட ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டுவது மலிவு. ஒரு ஜேசிபி, இரண்டு டிப்பர், சில நாள் வேலை. ஏலகிரியில் புங்கனூர் ஏரிப் படகுத் துறையைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தன் தோட்டத்திலும் ஒரு சின்னப் படகு விட ஆசை வந்தால் அதில் தப்பில்லை. ஓடையைத் தடுத்த அந்த நிமிடத்திலிருந்து அவர் அணை உரிமையாளர் என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அப்படி ஒரு குட்டையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே மலைச் சரிவில் 125 ஏக்கர் நீர்ப்பிடிப்பு. ஐப்பசி மாத மாலை ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டுகிறது. நம் பக்கத்துக்கு இது அதிசயமான மழை இல்லை. பாதி மண்ணுக்குள் போய், பாதி ஓடி வருகிறது என்று வைத்தால், ஓடையில் வினாடிக்கு சுமார் 120 கன அடி. வெள்ளத்தைக் கணிக்க, சென்னை மாகாணத்துக்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் உருவான ரைவ்ஸ் சூத்திரத்தை, மலையடிவாரத்துக்கான கெழுவோடு போட்டால் 225 கன அடி வருகிறது. பொறியாளர் பெரியதை எடுப்பார். நாம் சின்னதையே எடுத்துக்கொள்வோம்.

உபரி நீர் போகக் கரையில் ஒரு அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் பதித்திருக்கிறது. பார்க்கப் பெரிய குழாய்தான். நிறைந்து ஓடினாலும் அதில் போவது 9, 10 கன அடிக்கு மேல் தேறாது. மீதி 110 கன அடி குட்டையிலேயே ஏறுகிறது. ஒரு ஏக்கர் பரப்பில் அது தண்ணீரை 22 நிமிடத்தில் ஒரு மீட்டர் உயர்த்திவிடும். கரையின் தலைக்கும் தண்ணீருக்கும் இடையில் மூன்றடி விட்டிருந்தால், பஜ்ஜி போட எண்ணெய் காய்ந்து, போட்டுச் சாப்பிட்டு முடிப்பதற்குள் தண்ணீர் கரையின் தலையில் நிற்கும்.

மண் கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிவதுதான் அதன் மரணம். வழியும் நீர் வெளிச்சரிவின் அடிவாரத்தில்தான் வேகம் பிடிக்கிறது. அங்கே மண் பெயர்ந்து ஒரு சின்னப் படி உண்டாகிறது. படியில் விழும் நீர் படிக்கு அடியில் குடைகிறது, படி இடிந்து பின்வாங்குகிறது, மறுபடி குடைகிறது. இப்படி அந்தப் படி கரையின் தலையை நோக்கி மேலேறி வருகிறது. முன்பக்கம் தண்ணீரில் நிற்கும் சரிவு கடைசி வரை சேதமில்லாமலே தெரியும். படி உள்பக்கத்தை எட்டியதும் ஒரே பாய்ச்சல். 20 அடி அகலத்துக்கு, 3 மீட்டர் ஆழத்துக்கு உடைப்பு விழுந்தால் முதல் பாய்ச்சல் வினாடிக்கு சுமார் 1,800 கன அடி. ஓடை தன் போக்கில் கொண்டுவந்தது 120 தான். மழை அனுப்பியதைக் குட்டை 15 மடங்காக்கிக் கீழே அனுப்புகிறது. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துபோகும்; அந்தப் பத்து நிமிடத்தில் ஓடையோரக் குடிசையிலும், தரைப்பாலத்திலும், செங்கல் சூளையிலும் யார் இருந்தார்கள் என்பதே கேள்வி.

இதைத் தடுக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கரையின் ஒரு ஓரத்தில், கெட்டித் தரையில், கரைத் தலையைவிடத் தாழ்வாக, கல்லோ கான்கிரீட்டோ பாவிய ஒரு வழிந்தோடி. 120 கன அடியை அரை மீட்டர் உயரத்தில் வெளியே விட 20 அடி அகலம் போதும். 225-க்கு 35 அடி. நம் ஊரில் இதற்குக் கலங்கல் என்று பெயர். எந்தப் பழைய ஏரிக்கும் அது இல்லாமல் இருந்ததில்லை. தோட்டத்துக் குட்டைகளில் முதலில் விடுபட்டுப்போவது இதுதான். 35 அடிக்கு நிலம் போகிறது, செலவாகிறது, வருஷத்தில் 360 நாள் சும்மா கிடக்கிறது. அதைவிட, பார்க்க அழகாக இல்லை.

அழகுக்காகவும் மீனுக்காகவும் கலங்கலைக் கெடுத்ததன் விலை என்ன என்பதற்கு உலகம் மறக்காத ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சவுத் ஃபோர்க் என்ற ஓடையில் கால்வாய்க்குத் தண்ணீர் விடக் கட்டிய பழைய மண் அணை ஒன்று இருந்தது. உயரம் 72 அடி. ரயில் வந்ததும் கால்வாய் செத்தது. அணை கை மாறியது. இடையில் வாங்கிய ஒருவர், அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். 1879-இல் அது ஒரு மீன்பிடி, வேட்டைக் கிளப்பின் கைக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற எஃகு முதலாளிகள் உறுப்பினர்கள். கோடைக்குப் பாய்மரப் படகு, கரையோரம் மாளிகைகள். குதிரை வண்டி போய்வர வசதியாகக் கரையின் தலையைக் கொஞ்சம் செதுக்கித் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் தப்பிப் போகாமல் கலங்கலில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பு ஆலை 1880-இல் தன் பொறியாளரை அனுப்பிப் பார்வையிட வைத்தது. வெளியேற்றுக் குழாய் இல்லை, பழுது சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் எழுதினார். கிளப் கண்டுகொள்ளவில்லை.

1889 மே 31. இரவு முழுக்கப் பெய்த மழையில் சருகும் கட்டையும் வந்து மீன் தடுப்பை அடைத்துக்கொண்டன. கலங்கல் மூடியது. தாழ்த்தப்பட்ட கரையின் நடுவில் தண்ணீர் ஏறியது. பிற்பகல் மூன்று மணி வாக்கில் கரை போனது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுனை ஒரு மணி நேரத்தில் வெள்ளம் எட்டியது. இறந்தவர்கள் 2,209 பேர். கிளப் ஒரு காசு நஷ்ட ஈடு கொடுக்கும்படி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 72 அடி அணையைத் தோட்டத்துக் குட்டையோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவை ஒப்பிட முடியாது. தவறுகளை ஒப்பிடலாம்: குழாய், தடுப்பு, தாழ்ந்த கரை. மூன்றையும் இன்றும் ஒரே தோட்டத்தில் பார்க்கலாம். ஹவாயின் கவாய் தீவில் 2006 மார்ச் 14-இல் உடைந்து 7 பேரைக் கொன்ற கலோகோ அணையும் தனியார் நிலத்தில் இருந்ததுதான். அதன் கலங்கல் மண் போட்டு மூடப்பட்டிருந்தது.

மேலே ஏறி வழியாமலும் கரை போகும். அது சத்தமில்லாத வழி. 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறு அணை உடைந்து 20 பேர் அளவில் இறந்தார்கள். கரையில் கசிவு இருப்பதாக ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். மாநில அமைச்சர் காரணத்தை நண்டுகள் மேல் போட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் நண்டுகளைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையம் போனார்கள், ‘குற்றவாளிகளை’ ஒப்படைக்க. நாடே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் முழுச் சம்மதம் இல்லை. நண்டு வளையும் எலி வளையும் மண் கரையைப் பலவீனமாக்கும் என்பது உண்மை. பொய்யானது, நண்டு வளை போடும்வரை கரையை யாரும் பார்க்காமல் இருந்ததற்கும் நண்டையே பொறுப்பாக்கியது.

எந்த மண் கரையும் கசியும். கசிவே தவறு இல்லை. கசியும் நீர் மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறதா என்பதே விஷயம். வெளிப்பக்கத்தில் ஒரு மணல் துகள் கழன்றால் அங்கே நீர் கடக்க வேண்டிய தூரம் கொஞ்சம் குறைகிறது, நீரின் வேகம் கொஞ்சம் கூடுகிறது, அடுத்த துகள் கழல்கிறது. வெளியிலிருந்து உள்ளே நோக்கி ஒரு சுரங்கம் வளர்கிறது. பட்டுப்போன சீமைக் கருவேல மரத்தின் மக்கிய வேர் இருந்தால் சுரங்கத்தில் பாதி ஏற்கெனவே தயார். கரைக்குள் பதித்த சிமென்ட் குழாய் அதைவிட மோசம். குழாயின் வயிற்றுக்கு அடியில் மண்ணை யாரும் கெட்டியாக இடிக்க முடியாது. அந்த இடைவெளியில் நீர் நேர்க்கோட்டில் ஓடிவரும். சிறு மண் அணைகள் பலவற்றில் உடைப்பு குழாயை ஒட்டியே தொடங்குகிறது. குழாயின் வெளிப்பாதியைச் சுற்றி ஒரு வளையம் நல்ல ஆற்று மணல் நிரப்பினால் நீர் கடந்துபோகும், மண் தங்கிவிடும். மண் இயக்கவியலின் தந்தை கார்ல் டெர்சாகி, எந்த மண்ணுக்கு எந்தப் பருமன் மணல் வடிகட்டியாகும் என்பதற்கு விதி சொல்லிவைத்திருக்கிறார்.

மழை நின்ற மறுவாரம் கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில் நடந்து பார்த்தால் போதும். மற்ற இடமெல்லாம் புல் வாடத் தொடங்கியிருக்க, ஒரு திட்டில் மட்டும் கோரை பச்சையாக நிற்கும். அங்கே கால் வைத்தால் மண் கொளகொளவென்று உள்வாங்கும். நீர் ஊறி வருகிற இடத்தில் சின்ன மேடாக மணல் குவிந்து, நடுவில் ஒரு துளை கொப்பளிக்கும். அந்த நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்து மறுநாள் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் கரை வியர்க்கிறது, அவ்வளவுதான். அடியில் ஒரு விரல்கடை வண்டல் படிந்திருந்தால் கரை கரைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கே தண்ணீரை இறக்கத் தொடங்க வேண்டும். அப்படி வேகமாக இறக்க அடியில் மதகு இருக்க வேண்டும். மோட்டார் வைத்து 10,000 டன்னை இறைக்க நாட்கள் ஆகும்.

கரை போட்ட விதமும் இதில் சேரும். டிப்பர் மண்ணைக் கொட்டி, ஜேசிபி தன் வாளியால் தட்டிவிட்டால் அது கரை ஆகாது, குவியல்தான். களிமண் கலந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். ரோலர் இல்லாத காலத்தில் மாட்டையும் ஆட்டையும் நடக்கவிட்டு இறுக்கினார்கள்.

அந்தக் காலத்தை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. அப்போதும் கரைகள் உடைந்தன. ஆனால் ஏரிக்கு ஆள் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றி 10-ஆம் நூற்றாண்டிலேயே பேசுகின்றன. மதகு திறக்க நீர்க்கட்டி, மழை இரவில் கரையில் நிற்க ஊர்முறை. கலங்கல் மேல் வரிசையாகக் கல் நட்டு, மழை ஓயும் நாளில் இடையில் மண்ணும் தழையும் அடைத்து ஓரடி கூடுதலாகத் தேக்குவார்கள். வெள்ளம் வந்தால் அது தானே அடித்துக்கொண்டு போகும், இல்லையென்றால் ஆள் போய்ப் பிடுங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உரிமையாளர் வரும் தோட்டத்தில், செவ்வாய்க்கிழமை இரவு பெய்யும் மழைக்கு யார் போய் நிற்பது?

ஏரிகள் சங்கிலியாக இருப்பதால் வரும் ஆபத்தும் பாலாற்றுக்காரர்களுக்குப் புதிதல்ல. மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் அந்த வேகத்தைக் கீழ் ஏரியின் கலங்கல் தாங்காது, அதுவும் உடையும். 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் இறங்கிய வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. இருநூறு பேர் அளவில் இறந்ததாகச் சொல்வார்கள். இன்றும் நவம்பரில் அங்கே அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். மலையோரம் எழுப்பும் ஒவ்வொரு தனியார் கரையும் இந்தச் சங்கிலியின் தலையில் கோக்கும் ஒரு புதுக் கண்ணி. எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

உடைந்தால் பொறுப்பு யாருக்கு? சட்டப் புத்தகங்களில் இதற்கு நம் வட்டாரத்து வழக்கே ஒன்று இருக்கிறது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் கார்வேட்டி நகரம் ஜமீனில் இரண்டு ஏரிகள் கனமழையில் உடைந்து, மெட்ராஸ் ரயில்வேயின் பாலங்களை அடித்துப் போயின. ரயில்வே நஷ்ட ஈடு கேட்டது. அதற்குச் சற்று முன்னால், 1868-இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கில் கறாராகச் சொல்லியிருந்தது: ஆலைக்காகத் தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டியவர், அது உடைந்து பக்கத்துச் சுரங்கம் மூழ்கினால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு. அதே விதியை ஜமீன்தாருக்கும் போடு என்றது ரயில்வே. 1874-இல் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. இந்த ஏரிகள் தொன்றுதொட்டு வருபவை, இவை இல்லாமல் விவசாயம் இல்லை, இவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் பொதுக் கடமை. தன் லாபத்துக்குத் தேக்கியவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றது. ஏரிக்குக் கிடைத்த இந்தச் சலுகை படகு விடும் குட்டைக்குக் கிடைக்காது. அது ஊருக்குச் சோறு போடுவதில்லை.

‘யாரும் எதிர்பாராத மழை, கடவுள் செயல்’ என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்தின் செஷயரில் ஓடையைத் தடுத்து அழகுக் குளங்கள் வைத்திருந்த ஒரு பெண்மணி இதைச் சொல்லியே தப்பினார். 1872 ஜூனில் பெய்த அசாதாரண மழையில் அவர் குளங்கள் உடைந்து நான்கு பாலங்கள் போயின. 1876-இல் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகராட்சி அதே வாதத்தோடு வந்தது. குழந்தைகள் தண்ணீரில் இறங்கி விளையாட, ஓடையின் போக்கை மாற்றி ஒரு கான்கிரீட் குளம் கட்டியிருந்தது நகராட்சி. பெருமழையில் அது நிறைந்து வழிந்து ரயில்வேயின் சொத்து சேதமானது. 1917-இல் பிரபுக்கள் சபை கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட அனுமதிக்கவில்லை. ஓடையின் இயல்பான போக்கில் கைவைத்தவர், அசாதாரண மழை கொண்டுவரும் நீரும் பத்திரமாகக் கடந்துபோகும் அளவுக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.